கீரைக்கட்டு மட்டும் போதுமா ஆமைக்கு?

கேள்வி: டாக்டர் அவர்களுக்கு வணக்கம். ராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளிப் பக்கம் குடியிருக்கிறோம். சென்னையில் இருக்கும் என் தம்பி, வீடு மாறும்போது தன் இரண்டு சல்காட்டா ஆமைகளை (ஆப்பிரிக்கத் தரை ஆமை) எங்களிடம் விட்டுப் போய் ஒன்றேகால் வருடம் ஆகிறது. அவன் பேரில் பதிவுச் சான்று இருக்கிறது. பிள்ளைகள் முத்து, பவளம் என்று பேர் வைத்திருக்கிறார்கள். எங்கள் தெருவுக்குக் கீரை வண்டி வாரத்தில் இரண்டு நாள்தான் வரும். அரைக்கீரை, சிறுகீரை, முளைக்கீரை, பாலக்கீரை என்று மாற்றி மாற்றிக் கொடுக்கிறேன். கூடவே தக்காளி, வெள்ளரிக்காய், ஞாயிற்றுக்கிழமை ஒரு வாழைப்பழம். நன்றாகத்தான் சாப்பிடுகின்றன. ஆனால் பவளத்தின் ஓடு மேடும் பள்ளமுமாக இருக்கிறது. அடி ஓட்டை விரலால் அழுத்தினால் லேசாக அமுங்குகிறது. இணையத்தில் பார்த்தால் கேல், எண்டைவ், டேண்டிலையன் என்று இங்கே கண்ணால் பார்க்காத கீரையெல்லாம் கொடுக்கச் சொல்கிறார்கள். கடைக்கீரையை வைத்தே ஆமையை நல்லபடியாக வளர்க்க முடியாதா? "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது" என்று மாமியார் வேறு தினமும் சொல்கிறார். வழி சொல்லுங்கள்.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, முதலில் பவளத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் அப்புறம்.

இரண்டு வயது தாண்டிய ஆமையின் அடி ஓடு விரலுக்கு அமுங்கக் கூடாது. நகத்தால் தட்டினால் கொட்டாங்கச்சியைத் தட்டுவது போலக் கெட்டியாகச் சத்தம் வர வேண்டும். அமுங்குகிறது என்றால் எலும்பில் சுண்ணாம்புச் சத்து குறைந்திருக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். இதை வீட்டு வைத்தியத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். எக்ஸ்ரே எடுக்க வசதியுள்ள கால்நடை மருத்துவமனைக்கு இந்த வாரமே கொண்டுபோங்கள். அருகில் அந்த வசதி இல்லையென்றால் திருநெல்வேலி ராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஒரு நாள் பயணம்தான், போய் வாருங்கள். பிள்ளைகளுக்குக் கொடுக்கும் கால்சியம் டானிக்கை நீங்களாக ஊற்றிவிடாதீர்கள். அதில் சர்க்கரை உண்டு, டி3 வைட்டமினும் கலந்திருக்கும். டி3 அளவு மீறினால் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஊசியோ மருந்தோ, ஆமையை நேரில் பார்த்தவர் எடை போட்டு முடிவு செய்ய வேண்டியது.

சரி, இப்போது கீரைக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் நான்கு கீரையின் பேர் எழுதியிருக்கிறீர்கள். மாற்றி மாற்றிக் கொடுப்பதால் எல்லாச் சத்தும் கிடைக்கும் என்று நினைத்திருப்பீர்கள். அந்த நினைப்பில் தவறே இல்லை. ஆனால் அரைக்கீரை, சிறுகீரை, முளைக்கீரை, தண்டுக்கீரை எல்லாம் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். பாலக்கீரையும் பொன்னாங்கண்ணியும் அதே குடும்பத்தில் கொஞ்சம் தள்ளி நிற்கும் உறவுகள். கட்டு மாறுகிறதே தவிர, ஆமையின் வயிற்றுக்குப் போவது ஏறக்குறைய ஒரே சரக்குதான்.

இந்தக் குடும்பத்துக் கீரைகளில் சுண்ணாம்புச் சத்து உண்டு. கூடவே ஆக்சலேட் என்ற பொருளும் நிறைய உண்டு. அது குடலிலேயே சுண்ணாம்பைப் பிடித்துக் கட்டிக்கொள்ளும். கட்டிக்கொண்ட சுண்ணாம்பு உடம்பில் சேராமல் எச்சத்தோடு வெளியே போய்விடும். நாம் கீரையை வேகவைத்துச் சாப்பிடுகிறோம், கூடவே மீன், முட்டை, மோர் என்று பத்துப் பொருள் சேர்த்துக்கொள்கிறோம். நமக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆமை பச்சையாக, அதை மட்டுமே, தினமும் தின்கிறது. அதுவும் எலும்பும் ஓடும் வேகமாக வளரும் வயதில். பவளத்துக்கு நேர்ந்ததில் இதற்குப் பெரிய பங்கு இருக்கும் என்பது என் கணிப்பு. பசலைக்கீரை, பருப்புக்கீரை, புளிச்சக்கீரை மூன்றுக்கும் வேறு வேறு குடும்பம். ஆனால் ஆக்சலேட் விஷயத்தில் அவையும் அப்படித்தான். இதற்காக இவற்றை விஷம் என்று தூக்கிப் போட வேண்டாம். வாரத்தில் ஒரு நாள், மற்ற இலைகளோடு ஒரு கைப்பிடி கலந்து கொடுத்தால் ஒரு கெடுதலும் இல்லை.

தக்காளி, வெள்ளரி, வாழைப்பழம் மூன்றையும் இன்றோடு நிறுத்துங்கள். ஆமைக்குப் போகும் தீனியில் சுண்ணாம்புச் சத்து பாஸ்பரஸைப் போல ஒன்றரை மடங்காவது இருக்க வேண்டும், இரண்டு மடங்கு இருந்தால் இன்னும் நல்லது. 100 கிராம் தக்காளியில் சுண்ணாம்பு சுமார் 10 மில்லிகிராம், பாஸ்பரஸ் 24. வாழைப்பழத்தில் 5க்கு 22. வெள்ளரியிலும் பாஸ்பரஸ்தான் கூடுதல், மீதியெல்லாம் தண்ணீர். கணக்கு தலைகீழாகப் போகிறது, பாருங்கள். பழத்தின் இனிப்பு இன்னொரு தொல்லை. சல்காட்டாவின் குடல் நாரைப் புளிக்கவைத்துச் சத்தாக்கும் குடல். அங்கே சர்க்கரை போனால் நல்ல கிருமிகள் குறைந்து கழிச்சல் வரும். புழுவும் பெருகும். "ஆசையாகச் சாப்பிடுகிறதே" என்பீர்கள். பிள்ளைகளும் மிட்டாயை ஆசையாகத்தான் சாப்பிடுகிறார்கள்.

இந்த ஆமை எங்கிருந்து வந்தது என்று ஒரு நிமிடம் யோசித்தால் தீனி தானாகப் புரியும். சகாரா பாலைவனத்தின் தெற்கு ஓரத்தில், ஆப்பிரிக்காவின் மேற்கே செனகலில் தொடங்கிக் கிழக்கே எத்தியோப்பியா வரை நீளும் வறண்ட புல்வெளிதான் அதன் ஊர். மழை கொஞ்சம், வெயில் அதிகம், காய்ந்த புல், முள்செடி. கேட்பதற்கு நம் சீமை மாதிரியே இல்லையா? அங்கே அது நடந்து நடந்து புல் மேயும். ஆகவே சல்காட்டாவை நீங்கள் கீரை தின்னும் பிராணியாக நினைக்காமல், மாடு மாதிரி மேயும் பிராணியாக நினைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பங்கு தீனியில் ஏழெட்டுப் பங்கு புல்லாக இருக்க வேண்டும். மீதி இரண்டு மூன்று பங்குக்குத்தான் கீரை வண்டி.

புல் என்றால் அருகம்புல். இதைவிட நல்லது எனக்குத் தெரிந்து இல்லை. கிணற்றடி, தென்னந்தோப்பு, வாய்க்கால் கரை எங்கும் கிடைக்கும். பிள்ளையார் கோயில் வாசலில் கட்டாகவும் விற்பார்கள். மருந்து அடிக்காத இடமாக, ஆடும் நாயும் அதிகம் புழங்காத இடமாகப் பார்த்து அறுத்து, இரண்டு தண்ணீரில் அலசிப் போடுங்கள். குட்டி ஆமைக்கு ஒரு விரல் நீளத்தில் நறுக்கிப் போட்டால் கடிக்கச் சுலபம். முதல் நாலைந்து நாள் இரண்டும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். தக்காளி தின்று பழகிய வாய்க்குப் புல் இறங்காது. விட்டுக்கொடுக்காதீர்கள். பொடியாக நறுக்கிய புல்லில் ஒரு பங்கு கீரையைக் கலந்து பிசிறி வைத்து, நாளுக்கு நாள் கீரையைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். உடம்பு தேறியிருக்கும் ஆமை இரண்டு நாள் பட்டினி கிடந்தாலும் ஒன்றும் ஆகாது. முத்துவிடம் இந்தக் கண்டிப்பைக் காட்டலாம். பவளத்தை மட்டும் மருத்துவர் பார்க்கும்வரை பட்டினி போட வேண்டாம்.

நம் பக்கத்தில் புல்லுக்குக் காலம் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் தரையெல்லாம் பச்சையாகக் கிடக்கும். பங்குனி வந்தால் ஒன்றும் இராது. அதனால் மழை முடிந்ததும் அருகை அறுத்து, மாடிப்படியின் கீழே நிழலில் உலர்த்தி, சாக்கில் கட்டித் தொங்கவிடுங்கள். வெயிலில் காயப்போட்டால் வெளுத்துச் சத்துப் போய்விடும். நிழலில் உலர்ந்தது பச்சை வாசனையோடு மாதக்கணக்கில் இருக்கும். கோடையில் அதை நறுக்கி, தண்ணீர் தெளித்து, கொஞ்சம் கீரையோடு கலந்து வையுங்கள். வைக்கோலை இதற்குப் பதிலாகப் போடலாமா என்று கேட்கிறார்கள். வைக்கோலில் சத்து சொற்பம். அதை வைத்து ஒப்பேற்ற வேண்டாம்.

அடுத்தது நம் மண்ணில் காசில்லாமல் கிடக்கும் ஒரு பொக்கிஷம், சப்பாத்திக்கள்ளி. நார், தண்ணீர், சுண்ணாம்பு மூன்றும் சேர்ந்த தீனி இது. வெளிநாட்டில் ஆமை வளர்ப்பவர்கள் காசு கொடுத்து வாங்குகிறார்கள். நமக்கு வேலியோரத்தில் முளைத்துக் கிடக்கிறது. இளம் மடலாக, உள்ளங்கை அளவில் ஒன்றை இடுக்கியால் பிடித்து அறுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைப் பஞ்சு மாதிரிப் பூச்சி அப்பியிருக்கும் மடலை விட்டுவிடுங்கள். அடுப்புத் தீயில் அப்பளம் சுடுவது போல இரண்டு பக்கமும் காட்டுங்கள். பெரிய முள் கருகி விழும். ஆனால் கண்ணுக்குச் சட்டென்று தெரியாத பொடிமுள் கொத்துக் கொத்தாக இருக்கும், அதுதான் ஆமையின் நாக்கில் ஏறிக்கொள்வது. அந்த இடங்கள் முழுக்கக் கருகும்வரை காட்டி, பிறகு தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்துக் கழுவி, விரல் கனத்துக்குக் கீறி வையுங்கள். என்னிடம் வந்த ஒரு ஆமை, ஒரு வாரமாக எதையும் தொடாமல் இருந்தது. இந்தக் கள்ளித் துண்டை வாயருகே நீட்டியதும் கழுத்தை முழுக்க வெளியே விட்டு ஒரு கடி கடித்தது. கொழகொழவென்று பச்சைச் சாறு தாடையெல்லாம் வழிந்தது. அதை வளர்த்த அம்மா பக்கத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். வாரத்தில் இரண்டு மூன்று நாள் கொடுங்கள். கள்ளிப்பழத்தை மட்டும் எப்போதாவது ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி கீரை வண்டி. அதில் எதை எடுப்பது? கொத்தமல்லித் தழை நல்லது, அதில் பாஸ்பரஸைவிடச் சுண்ணாம்பு கூடுதல். வாரம் இரண்டு மூன்று முறை ஒரு கைப்பிடி போடலாம். முருங்கைக்கீரையில் சுண்ணாம்பு அபாரம், புரதமும் அதிகம். அதனால் வாரம் இரண்டு முறை, ஒரு சின்ன ஈர்க்கு அளவு. அகத்தியும் வெந்தயக்கீரையும் அதே கணக்கில் வாரம் ஒரு முறை. முள்ளங்கி வாங்கும்போது அதன் தழையை ஒடித்துப் போட விடாதீர்கள், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். காய்கறிக் கடையில் காலிஃபிளவரைச் சுற்றியிருக்கும் இலையைக் கழித்துக் குப்பையில் போடுவார்கள். அதிலும் சுண்ணாம்பு நிறைய. ஆனால் முட்டைக்கோஸ், காலிஃபிளவர் வகை இலைகள் தினமும் போனால் தைராய்டைப் பாதிக்கும், வாரம் ஒரு நாளோடு நிறுத்துங்கள். வீட்டில் செம்பருத்தி இருந்தால் இலையும் பூவும் தாராளமாகப் போடலாம். சர்க்கரைவள்ளிக் கொடியின் இலை, பூசணி இலை, பூசணிப் பூ எல்லாம் நல்லவை. ராமநாதபுரம் சூப்பர் மார்க்கெட்டில் லெட்டூஸ் கிடைத்தால் ஆசைக்கு ஒரு நாள் கொடுங்கள். அதைத் தேடி அலைய வேண்டிய அவசியமே இல்லை. இணையத்தில் படித்த கேலும் எண்டைவும் அந்தந்த நாட்டில் எளிதாகக் கிடைக்கும் இலைகள், அதனால் அவர்கள் எழுதுகிறார்கள். நமக்குக் கள்ளியும் அருகும் இருக்கிறது.

கடைக்கீரையில் மருந்து வாடை இருக்குமோ என்ற பயம் நியாயமானது. வேரை நறுக்கி, கட்டைப் பிரித்து, அகலப் பாத்திரத்தில் அரைமணி நேரம் ஊறவைத்து, மூன்று தண்ணீரில் அலசுங்கள். வாரத்தில் இரண்டு நாள்தான் வண்டி என்பதால், அலசியதை ஈரம் போக உலர்த்திப் பருத்தித் துணியில் சுற்றி ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நான்கு நாள் தாங்கும். வாடியிருந்தால் பரவாயில்லை. அழுகிக் கொழகொழத்த இலை ஒன்றுகூட வேண்டாம்.

கடலோரத்தில் இருப்பதால் இன்னும் இரண்டு எச்சரிக்கை. உப்பளத்து ஓரம் முளைக்கும் உமரிக்கீரையை நாம் கடைந்து சாப்பிடுவது உண்டு. ஆமைக்கு அந்த உப்பு ஆகாது, கரையில் ஒதுங்கும் கடற்பாசியும் வேண்டாம். எருக்கு, அரளி, ஊமத்தை மூன்றும் விஷம். ஆமை உலாவும் இடத்தில் இருந்தால் வேரோடு பிடுங்கிவிடுங்கள். சீமைக்கருவேல நெற்றும் கீழே உதிர்ந்து கிடக்காமல் கூட்டித் தள்ளுங்கள், அது தித்திப்பு.

அப்புறம் மணல். உங்கள் வாசல் முழுக்க மணலாகத்தான் இருக்கும். கீரையை மணலில் போட்டால் ஒவ்வொரு வாய்க்கும் கொஞ்சம் மணல் உள்ளே போகும். அது குடலில் சேர்ந்து அடைத்துக்கொண்டு, உயிருக்கே ஆபத்தான நிலையில் ஆமைகளை எங்களிடம் கொண்டுவருகிறார்கள். ஒரு கடப்பாக்கல் துண்டையோ சொரசொரப்பான கூரை ஓட்டையோ வைத்து அதன் மேல் தீனியை வையுங்கள். கல்லில் உரசி உரசிக் கடிப்பதால் வாயின் அலகும் அளவோடு தேயும். மெத்தென்ற கீரையே தின்றுவந்த ஆமைக்கு அலகு கிளிமூக்கு மாதிரி வளர்ந்து, கடைசியில் நாங்கள் அறுத்துவிட வேண்டியதாகிறது.

சுண்ணாம்புக்குக் கடைப் பொடியைத் தேடும் முன்னால் கடற்கரைக்குப் போங்கள். வெள்ளை வெளேரென்று படகு மாதிரி ஒதுங்கிக் கிடக்குமே, கணவாய் ஓடு, அதில் இரண்டு எடுத்து வாருங்கள். நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று கேட்டாலும் அதையே கொடுப்பார்கள். முழுக்கச் சுண்ணாம்புதான். இரண்டு நாள் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி உப்பை எடுத்து, கொதிக்கவைத்து வெயிலில் காயவைத்து ஆமைக்கூண்டில் ஒரு மூலையில் போட்டுவையுங்கள். மேலே விரல் நகம் இறங்கும் அளவுக்கு மென்மையாக இருக்கும் பக்கத்தை ஆமை தேவைப்பட்டபோது கடித்துக்கொள்ளும். அதைச் சுரண்டினால் பவுடர் மாதிரி உதிரும். வாரம் இரண்டு மூன்று நாள் ஒரு சிட்டிகையைக் கீரையிலும் தூவுங்கள். கணவாய் ஓட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சுண்ணாம்புதானே என்று பவளப்பாறைத் துண்டை எடுத்துவராதீர்கள். மன்னார் வளைகுடாவில் அது சட்டப்படி குற்றம்.

சாப்பிட்ட சுண்ணாம்பு உடம்பில் ஒட்ட வெயில் வேண்டும். உப்பூர்ப் பிள்ளையாரை வெயிலுகந்தவர் என்பார்களே, அந்தப் பேர் ஆமைக்கும் பொருந்தும். கண்ணாடி ஜன்னல் வழியாக விழும் வெயில் பயன்படாது, தேவையான கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். காலை ஏழரையிலிருந்து பத்து வரை வெளியே விடுங்கள். உடம்பு சூடானபின் தீனி போட்டால்தான் நன்றாகச் செரிக்கும். ஓடிப்போய் ஒதுங்க நிழல் எப்போதும் இருக்க வேண்டும். சித்திரை வெயிலில் நிழலில்லாத தொட்டியில் விட்டால் ஆமையும் செத்துப்போகும்.

ஓடு மேடு பள்ளமாவதற்குத் தீனி மட்டும் காரணம் இல்லை. குட்டிப் பருவத்தில் உடம்பில் ஈரம் போதாமல் வளர்ந்தாலும் அப்படி ஆகும். விழுந்த மேடு இனித் திரும்பாது. புதிதாக வளரும் ஓட்டையாவது சமமாக வளரவைக்கலாம். வாரம் இரண்டு மூன்று முறை, வெதுவெதுப்பான தண்ணீரில், தலை நன்றாக மேலே நிற்கும் ஆழத்தில் கால் மணி நேரம் விடுங்கள். அதிலேயே குடிக்கும், அதிலேயே கழியும். போர்த் தண்ணீர் நம் பக்கம் உப்புக் கரிக்கும், அதை ஊற்றாதீர்கள். நீங்கள் குடிக்கும் காவிரித் தண்ணீரிலேயே ஒரு சொம்பு ஒதுக்குங்கள். குடம் குடமாகத் தூக்கிச் சேர்த்த தண்ணீர் என்பது தெரிந்துதான் சொல்கிறேன். ஆமையின் மூத்திரத்தில் பற்பசை மாதிரி வெள்ளையாக வருவது இயல்பு. அது மணல் மணலாக வந்தால் தண்ணீர் போதவில்லை, விட்டால் கல்லாகிவிடும்.

பதிவுச் சான்று தம்பி பேரில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஆமை உங்களிடம் இருப்பதால் அதை மத்திய அரசின் பரிவேஷ் இணையதளம் வழியாக உங்கள் பேருக்கு மாற்றச் சொல்லுங்கள். வனத்துறை அலுவலகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். இன்னொன்றையும் இங்கேயே எழுதுகிறேன், உங்களுக்கு இல்லையென்றாலும் படிக்கும் மற்றவர்களுக்கு உதவும். கறுத்த ஓட்டில் மஞ்சள் கோடுகள் நட்சத்திரம் போல விரியும் ஆமை நம் நாட்டு நட்சத்திர ஆமை. அதை வீட்டில் வைத்திருப்பதே குற்றம், 3 முதல் 7 ஆண்டு வரை சிறை உண்டு. வழியில் கண்டால் எடுத்துவந்து கீரை போட்டு வளர்க்காமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள். கண்ணாடித் தொட்டியில் நீந்தும் சிவப்புக்காது ஆமைக்குத் தீனி முறையே வேறு. அதை வளர்க்க முடியவில்லை என்று ஊரணியில் மட்டும் விட்டுவிடாதீர்கள், நம் ஊர் ஆமைகளுக்கு அது கெடுதல்.

மாமியாரிடம் பழமொழியைப் பற்றி வாதாட வேண்டாம். அவரை ஒரு நாள் கையோடு கூட்டிக்கொண்டு வெளியே போங்கள். எந்தக் கரையில் நல்ல அருகு கிடக்கும், எந்தக் கள்ளி இளசு, எது தொடக்கூடாத செடி என்று உங்களையும் என்னையும்விட அவருக்குத்தான் தெரிந்திருக்கும். முத்துவும் பவளமும் ஐம்பது வருடத்துக்கு மேல் இருக்கப்போகிற பிராணிகள், நாற்பது ஐம்பது கிலோவுக்கு வளரக்கூடியவை. பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். வீட்டுப் பெரியவர் இப்போதே கூட நின்றால் நல்லது.

மாதம் ஒரு முறை இரண்டையும் சமையலறைத் தராசில் வைத்து எடையைக் காலண்டரில் குறித்துவையுங்கள். பவளத்தின் எக்ஸ்ரே எடுத்ததும், அடி ஓட்டின் படத்தோடு சேர்த்து எனக்கு அனுப்புங்கள். பார்த்துவிட்டு, கள்ளி எத்தனை நாள், முருங்கை எத்தனை நாள் என்று அதற்கு மட்டும் தனியாக எழுதித் தருகிறேன்.